ஜெபத்தில் என் முறை

அப்பா எங்களைத் திட்டியதே இல்லை. ஆண்டவரிடம் கோள் சொல்லிவிடுவார், அவ்வளவுதான்.

கோவில்பட்டியில் எங்கள் வீட்டுக் குடும்ப ஜெபம் விளக்கு வைத்ததும் தொடங்கும். அப்பாவுக்கு மில் வேலை. ஷிப்ட் மாறினால் ஜெப நேரமும் மாறும், ஆனால் ஒருநாளும் நின்றதில்லை. தலைமுடியில் பஞ்சு ஒட்டியிருக்க வந்து, கைகால் கழுவி, பாயில் முழங்கால் போடுவார். பிறகு மூத்தவனிலிருந்து ஒவ்வொருவராகப் பெயர் சொல்லி ஆண்டவர் முன்னால் நிறுத்துவார். அண்ணன் படிக்காமல் ஊர் சுற்றுவது, தங்கை வாய் கூசாமல் பொய் சொல்வது எல்லாம் அங்கேதான் அம்பலமாகும். என் முறை வரும்போது, "இவளுக்கு மூக்குக்கு மேல கோபம் வருது ஆண்டவரே, பொறுமையைத் தாரும்" என்பார். அதைக் கேட்டதும் எனக்குக் கோபம் மூக்குக்கு மேல் வரும். நாலு அடி கொடுத்திருந்தால் அழுதுவிட்டுப் போயிருப்பேன்.

பிள்ளைகள் முடிந்ததும் மழை. எங்களுக்கு ஒரு சென்ட் நிலம் கிடையாது. ஆனாலும் கரிசல் வெடித்துக் கிடக்கிற வருஷங்களில் அப்பாவின் ஜெபம் நீண்டுகொண்டே போகும். குழம்பு ஆறிப்போகும். நமக்கு எதற்கு மழை என்று ஒருநாள் கேட்டேன். "நாமளும் சோறுதான திங்கோம்" என்றார்.

பிறகு விளாத்திகுளத்தில் எனக்கு டீச்சர் வேலை கிடைத்தது. அங்கேயே ஒருவரைப் பிடித்தும் போயிற்று. வேறு சாதி, வேறு சாமி. மிளகாயும் பருத்தியும் போடுகிற சம்சாரி வீடு. சர்ச்சில் தாலி கட்டச் சம்மதிப்பாரா என்று அப்பா ஒரே ஒரு கேள்வி கேட்டார். மாட்டார் என்றேன். அதற்கு அவர், "போன்னு சொல்ல எனக்கு வாய் வரல. இருன்னு சொன்னா நீ கேக்கப் போறதில்ல" என்றார். அதோடு பேச்சு நின்றுபோனது. ஆவணியில் ரிஜிஸ்தர் ஆபீசில் கல்யாணம் நடந்தது. எங்கள் வீட்டிலிருந்து யாரும் வரவில்லை.

அம்மா மட்டும் அவ்வப்போது கோவில்பட்டி பஸ் ஸ்டாண்டுக்கு வந்து என்னைப் பார்த்துவிட்டுப் போவாள். மாமியார் கைப்பக்குவம், பனிக்காலத்தில் என் கணவருக்கு வருகிற மூச்சிளைப்பு என்று எல்லாவற்றையும் அவளிடம் கொட்டுவேன். ஒன்றை மட்டும் கேட்க நாக்கு எழாது. சாயங்காலம் விளக்கு வைக்கிற நேரத்தில் என் மனசு அந்தப் பாயில் போய் உட்கார்ந்துகொள்ளும். அண்ணன் பெயர் முடிந்ததும் அப்பா என் பெயரைச் சொல்கிறாரா, தாண்டித் தங்கைக்குப் போய்விடுகிறாரா? இல்லை என்று அம்மா சொல்லிவிட்டால் என்ன செய்வேன் என்று பயந்தே அத்தனை மாதத்தையும் ஓட்டினேன். எந்தக் கோளைக் கேட்டுப் பல்லைக் கடித்தேனோ, அதைக் கேட்க மாட்டோமா என்று ஏங்கினேன்.

மறுவருஷம் மார்கழியில் எனக்குப் பெண் பிறந்திருந்தாள். ஒருநாள் மத்தியானம் முன்னறிவிப்பு எதுவும் இல்லாமல் அப்பா வந்து வாசலில் நின்றார். கையில் கடலைமிட்டாய்ப் பொட்டலம். பச்சைப்பிள்ளை கடலைமிட்டாயை எப்படிக் கடிக்கும் என்று அவர் யோசிக்கவே இல்லை. என் மாமியார், "வாங்க அண்ணாச்சி" என்று கூப்பிட்டு இலை போட்டாள். அப்பா இலை முன்னால் உட்கார்ந்தார், கை சோற்றுக்குப் போகவில்லை. ஜெபம் பண்ணாமல் சாப்பிடுகிற வழக்கம் அவருக்கு இல்லை. அடுத்தவர் வீட்டில், அதுவும் எதிர்ச்சுவரில் மாரியம்மன் படம் மாட்டியிருக்கும்போது, எப்படிக் கண்ணை மூடுவது என்று தயங்கினார். மாமியாருக்கு விளங்கிவிட்டது. "சும்மா கும்பிடுங்க அண்ணாச்சி. எங்களுக்கும் சேத்துக் கும்பிட்டா வேண்டாம்னா சொல்லப் போறோம்" என்றாள்.

அப்பா கண்ணை மூடினார். சோற்றுக்கு ஸ்தோத்திரம் சொன்னார். வழக்கம்போல் அண்ணனில் ஆரம்பித்தார். நான் பிள்ளையை மார்போடு அணைத்துக்கொண்டு நின்றேன். என் பெயர் வந்தது. கோபமும் வந்தது, பொறுமையைத் தாரும் என்பதும் வந்தது. மாமியார் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். அடுத்து என் கணவரின் பெயரைச் சொன்னார்.

"போன பனியில இவருக்கு இளைப்பு கூடாம காத்தீர், ஸ்தோத்திரம். இந்தப் பனியிலயும் காத்தருளும்."

போன பனிக்காலத்தில் அப்பாவுக்கும் எனக்கும் பேச்சே கிடையாது. என் கணவரின் முகத்தைக்கூட அவர் பார்த்ததில்லை. பிள்ளையை மாமியார் கையில் கொடுத்துவிட்டு அடுக்களைக்குப் போய் அழுதேன். ரசம் எடுத்து வர இவ்வளவு நேரமா என்று மாமியார் சத்தம் போட்டாள்.

அதற்குப் பிறகு அப்பாவுக்கு விளாத்திகுளம் பஸ்தான் பாதி வீடு. பேத்தியை மடியில் போட்டுக்கொண்டு ஜெபம் பண்ணுவார். கரிசல் மண்ணைத் தின்னுகிறாள் என்று அவள் மேலும் கோள் சொன்னார். விவரம் தெரிந்ததும் அவள் தாத்தாவின் தாடையைப் பிடித்துத் திருப்பி, "என்னயச் சொல்லுங்க தாத்தா" என்று கேட்டு வாங்கிக்கொள்வாள். அவளுக்கு அது விளையாட்டு. பக்கத்தில் உட்கார்ந்து என் முறைக்காக நானும்தான் காத்திருந்தேன்.

அவள் பள்ளிக்கூடம் போகத் தொடங்கிய வருஷம் அப்பா போய்விட்டார். கல்லறைத் தோட்டத்திலிருந்து திரும்பி, விளக்கு வைத்ததும் எல்லோரும் அதே அறையில் முழங்கால் போட்டோம். அண்ணன் ஜெபம் பண்ணினான். பாவம், அழுது அழுது அவனுக்குத் தொண்டை கட்டியிருந்தது. இந்தக் குடும்பத்தார் எல்லோரையும் ஆசீர்வதியும் ஆண்டவரே என்று ஒரே வரியில் முடித்தான். ஆமென் என்றார்கள். பாயைச் சுருட்டுவதற்காகத் தங்கை வந்து நின்றாள்.

என் பெயர் இன்னும் வரவில்லையே என்று நான் முழங்காலிலேயே இருந்தேன்.