டிரம்பெட்டில் சிக்கிய மவுத்பீஸ்

1. ரிஞ்ச் போட்ட பாவம்

டிரம்பெட்டில் வாய் வைத்து ஊதும் மவுத்பீஸ் சிக்கிக்கொண்டால் முறுக்கக் கூடாது. ஒரு டிரம்பெட்டைக் கெடுத்துத்தான் இதைக் கற்றுக்கொண்டேன்.

கள்ளக்குறிச்சியில் லேத் பட்டறை போட்ட புதிது. மோட்டார் ஷாஃப்ட், கரும்பு மெஷின் பல்சக்கரம் என்று இரும்போடு மல்லுக்கட்டிய கைக்குப் பித்தளையின் அருமை எங்கே தெரியும்? பேண்ட் செட்காரர் ஒருவர் கொண்டுவந்ததைப் பைப் ரிஞ்ச் வைத்து ஒரே திருகு. மவுத்பீஸ் அப்படியே இருந்தது, அதைச் சொருகியிருந்த குழாய்தான் முறுக்கிக்கொண்டது. அவர் திட்டியிருந்தால்கூட மனசு ஆறியிருக்கும். வாங்கிப் பார்த்துவிட்டுத் துணியில் சுற்றி எடுத்துக்கொண்டு போய்விட்டார். இரண்டு நாள் எனக்குச் சோறு இறங்கவில்லை.

பிறகு சிக்கியதை முறுக்காமல் கழற்ற நானே ஒரு புல்லர் செய்தேன். பேரிங் கழற்றுகிற புல்லரின் தம்பி என்று வைத்துக்கொள்ளுங்கள். காடி வெட்டிய இரண்டு பட்டைகள், இரண்டு போல்ட்டுகள். பட்டைகளை மவுத்பீஸின் கழுத்தில் மாட்டி, போல்ட்டுகளை மாற்றி மாற்றிக் கால் சுற்று திருப்பினால், ஒரு பட்டை குழாயில் ஊன்றிக்கொள்ளும், இன்னொன்று மவுத்பீஸை நேராக வெளியே தள்ளும். முறுக்கல் கிடையாது.

2. விற்க வந்தவர்

ஒரு தை மாதக் காலையில் வடக்கனந்தலிலிருந்து ஏழுமலையும் அவர் மனைவி அஞ்சலையும் வந்தார்கள். ஏழுமலை பேண்ட் செட்டில் டிரம்பெட் ஊதுபவர், முகூர்த்தம் இல்லாத நாளில் கரும்பு வெட்டப் போவார்.

"மவுத்பீஸு சிக்கிக்கிச்சு, இத்த கழட்டிக் குடுங்க. விக்கணும். மவுத்பீஸ் தனியா வந்தாதான் எடுப்பேன்னு சொல்லிட்டாரு வாங்குறவரு. சாயங்காலம் திருக்கோவிலூர்லேர்ந்து வராரு" என்றார்.

"கல்யாண சீசன்ல இன்னாத்துக்குங்க விக்கிறீங்க?"

அஞ்சலைதான் பதில் சொன்னார். "நெஞ்சுல நீர் கோத்துக்கினு ரெண்டு மாசம் ஆஸ்பத்திரில கெடந்தாருங்க. இப்ப ஊதலாம்னு டாக்டர் சொல்லிட்டாரு. வூட்ல எடுத்து ஊதனாரு. இருமல்தான் வந்துது, சத்தம் வரல. அன்னிலேர்ந்து தொட மாட்றாரு."

"மூச்சு பூடுச்சுங்க" என்றார் ஏழுமலை. "இருவது வருசம் ஊதன நெஞ்சு. அவ்ளோதான்."

சமாதானம் சொல்ல எனக்கு வராது. புல்லரை மாட்டினேன். இணைப்பில் இரண்டு சொட்டு மெஷின் ஆயில் விட்டு, டீ வரவழைத்துக் குடித்தோம். பிறகு போல்ட்டுக்குக் கால் சுற்று, காத்திருப்பு, மறுபடி கால் சுற்று. மூன்றாவது தடவை டக்கென்று கழன்று கையில் விழுந்தது.

நசுங்கல் இருக்கிறதா என்று வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். துளை வழியே மறுபக்கம் தெரியவில்லை. மெல்லிய குச்சியால் தள்ளியதும் உள்ளங்கையில் மஞ்சளாக ஒரு கட்டி விழுந்தது. மோந்து பார்த்தேன். சந்தனம்.

அஞ்சலை எழுந்தே நின்றுவிட்டார். "ஐயோ, நான் வெச்சதுங்க! ஆயுத பூஜை அன்னிக்கு இவரு ஆஸ்பத்திரில. பொருளுக்கு நான்தான் சந்தனம் வெச்சேன். நல்லா ஊதணும்னு ஊதற வாயிலயே ஜாஸ்தியா வெச்சுட்டேன். இவரு வர்றதுக்குள்ள மேலுக்கு மட்டும் தொடச்சும் வெச்சேன். உள்ள போயிருக்கும்னு தெரியலியே!"

சொல்லச் சொல்ல அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தன. புருஷனின் தோளைப் பிடித்து உலுக்கினார். "உன் நெஞ்சு இல்லய்யா! நான்தான்யா அடச்சி வெச்சேன்!" செய்த தப்பை இவ்வளவு சந்தோஷமாக ஒப்புக்கொண்ட ஆளை நான் பார்த்ததில்லை.

ஏழுமலை சிரிக்கவில்லை. நான் மவுத்பீஸைக் கழுவித் துடைத்து மாட்டிக் கொடுத்த டிரம்பெட்டை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

"ஊதிப் பாருங்க" என்றேன்.

"வூட்ல போய் பாத்துக்கறேங்க."

எனக்குப் புரிந்தது. இப்போதும் சத்தம் வராவிட்டால் பழி போட அங்கே சந்தனம் இல்லை.

"எனக்கு வேலை கெடக்கு. லேத்த ஓட்றேன். அந்தச் சத்தத்துல நீங்க இன்னா ஊதனாலும் யார் காதுலயும் வுழாது" என்று சொல்லி, அவருக்கு முதுகைக் காட்டி நின்று ஸ்விட்சைப் போட்டேன். கடைவதற்கு ஒன்றும் இல்லை. சும்மாதான் ஓடியது.

முதலில் இருமல் கேட்டது. பிறகு கரகரத்து உடைந்த ஒரு சத்தம். நான் திரும்பவில்லை. அப்புறம் ஒரே ஒரு சுரம் லேத்தின் இரைச்சலுக்கு மேலே ஏறி வந்து நின்றது. நீண்ட சுரமில்லை, மூச்சு சீக்கிரமே அறுந்தது. ஆனால் சுத்தமாக இருந்தது.

லேத்தை நிறுத்தினேன். அவர் நிறுத்தவில்லை.

திருக்கோவிலூர்க்காரருக்கு வர வேண்டாம் என்று என் போனிலிருந்தே அஞ்சலை சொல்லிவிட்டார்.

பட்டறைக்கு வருகிறவர்களில் பல பேர் பொருளின் பழுதையும் தங்கள் தலையில் போட்டுக்கொண்டுதான் வருகிறார்கள். புதிதாகத் தொழிலுக்கு வருகிறவர்களுக்கு நான் சொல்வது இதுதான்: அவர்கள் சொல்வதைக் கேட்டுக்கொள்ளுங்கள், ஆனால் கழற்றிப் பார்க்காமல் நம்பிவிடாதீர்கள்.