சுல்தானுக்கு இன்சுலின்

மாட்டாசுபத்திரி வேலையில் மாடு உதைப்பது சின்ன விஷயம். மாட்டுக்காரருக்கு விளக்கம் சொல்வதுதான் பெரிய பாடு. எழுபதுகளின் கடைசியிலிருந்து கிழக்கிலங்கையின் கல்முனைப் பக்கமெல்லாம் சைக்கிளும் ஊசிப்பெட்டியுமாக அலைந்தவன் நான். உண்மையில் நான் டாக்குத்தருக்கு உதவியாள். சனங்கள்தான் பெரிய மனது பண்ணி எனக்கும் டாக்குத்தர் பட்டம் தந்திருந்தார்கள். எருமை, ஆடு, கோழி என்று எத்தனையோ ஊசி போட்டாயிற்று. ஆனால் எண்பதுகளின் நடுவில் ஒரு பூனைக்குப் போட்ட ஊசியை மட்டும் இன்றும் மறக்க முடியவில்லை. ஊசி பிடித்துப் பிழைத்த சகபாடிகளே, உங்களுக்கு இது விளங்கும்.

எறும்பு கொண்டுவந்த செய்தி

சாய்ந்தமருதிலிருந்து சபியா உம்மா ஒரு மீன்கூடையைத் துணியால் மூடிக்கொண்டு வந்தார். உள்ளே அவருடைய பூனை சுல்தான். செம்மஞ்சள் நிறம், ஆட்டுக்குட்டிப் பருமன். வாளித் தண்ணீரைக் குடித்தே முடிக்கிறதாம், பின்னங்கால் இழுபடுகிறதாம். அது மணலில் மூத்திரம் பெய்து மூடிவிட்டுப் போனால், அடுத்த நிமிடம் அந்த இடத்தில் எறும்புக் கூட்டமாம்.

எங்கள் டாக்குத்தர் யாழ்ப்பாணத்துக்காரர். சுல்தானை அன்று முழுக்க ஓர் அறையில் கழுவிய கூழாங்கல் தட்டோடு பூட்டிவைத்து, கிடைத்த நாலு சொட்டு மூத்திரத்தை நீல மருந்தில் விட்டுச் சூடாக்கினார். அது செங்கல் நிறமானது. சீனி வருத்தம், அதாவது நீரிழிவு. காலையும் மாலையும் சாப்பாட்டு நேரத்தில் இன்சுலின் போட்டால் பிழைக்கலாம், இல்லாவிட்டால் இரண்டு மாதம் தாண்டாது என்றார். உம்மாவின் முகம் வாடிவிட்டது. மௌத்தாகி மண்ணுக்குள் போன கணவர், கடற்கரையில் கிடந்த குட்டியைச் சாரன் மடிப்பில் வைத்துக் கொண்டுவந்து கொடுத்தாராம். அவர் கையால் தந்ததில் உயிரோடு மிஞ்சியது இது ஒன்றுதான். கண்ணைத் துடைத்துக்கொண்டு சொன்னார்:

“முதல்ல எறும்புக்குத்தான் தெரிஞ்சிரிக்கி டாக்குத்தர். மறுகாதான் எனக்கு.”

கத்தரிக்காய்க்கு முதல் ஊசி

நான் தினமும் இரண்டு தரம் போய்வர முடியாது. உம்மாவே பழக வேண்டும். கண்ணாடிச் சிரிஞ்சியை அவிப்பது, போத்தலை உருட்டிக் கலக்குவது, காற்றுக்குமிழ் இல்லாமல் இழுப்பது எல்லாவற்றையும் காட்டிக்கொடுத்தேன். மூன்று நாள் கத்தரிக்காய்க்குத் தண்ணீர் ஊசி போட்டுப் பழகினார். ஒவ்வொரு தரமும் பிஸ்மி சொல்லி, கண்ணை இறுக மூடிக்கொண்டு குத்தினார். கண்ணைத் திறந்து குத்தச் சொல்வதற்கே எனக்கு ஒரு நாள் போய்விட்டது.

நாலாம் நாள் சுல்தான் மீன் தின்று கொண்டிருக்கும்போது, பிடரித் தோலைத் தூக்கிப் பிடித்து ஊசியை ஏற்றினார். அது தலையைக்கூட நிமிர்த்தவில்லை. உம்மாவுக்குத்தான் வியர்த்துக் கொட்டியது. திடீரென்று ஒரு சந்தேகம் வந்து, இந்த மருந்தை எதிலிருந்து எடுக்கிறார்கள் என்று கேட்டார். சில போத்தல் பன்றியிலிருந்து எடுப்பது என்று எனக்குத் தெரியும். பயந்து பயந்து லேபலை வாசித்தேன். நல்ல காலம், மாடு. உம்மா பெருமூச்சு விட்டார்:

“மாடா? அப்ப நாங்க சரியான ஆசுபத்திரிக்குத்தான் வந்திரிக்கம்.”

மாப்பிள்ளை அறை

இன்சுலினைக் குளிரில் வைக்க வேண்டும். அந்த வீட்டில் பிரிஜ் இருந்தது, சவூதியிலிருந்த மகன் அனுப்பியது. ஆனால் அது புது மாப்பிள்ளையின் அறையில் இருந்தது. நம் ஊர் வழக்கம் தெரியும்தானே. கலியாணம் முடித்தால் மாப்பிள்ளை பெண் வீட்டுக்கு வந்துவிடுவார். வீட்டிலுள்ள நல்ல அறை, நல்ல கட்டில், நல்ல கறி எல்லாம் அவருக்கு. மாமியார் முன்னுக்கு வந்து கதைக்கவும் மாட்டார். சபியா உம்மாவும் திரைச்சீலைக்குப் பின்னால் நின்று, மகள் மர்ஜானிடம் சோற்றுப் பீங்கானைக் கொடுத்து விடுவார்.

மாப்பிள்ளை பள்ளிக்கூட மாஸ்டர், அக்கரைப்பற்று ஆள், ஈர்க்குச்சி போல உடம்பு. நேரம் தவறாமல் இன்சுலின் போத்தலை எடுத்து வெளியே நீட்டுவார். கலியாணம் முடித்து ஏழெட்டு மாதமாகியும் விருந்து ஓயவில்லை. நெய்ச்சோறு, தித்திக்கும் வட்டிலப்பம், சவளக்கடை ஊரிலிருந்து சட்டியோடு வரும் எருமைத் தயிர், அதன்மேல் வெல்லப்பாகு போன்ற பாணி. பீங்கான் காலியாகத் திரும்பி வர, அடுத்த நாள் இரட்டிப்பாகப் போகும். உம்மாவுக்குப் பெருமை தாங்கவில்லை:

“மருமகன் கூச்சமில்லாமத் தின்னுறார் டாக்குத்தர். சாட்டுக்குக்கூட மிச்சம் வைக்கிறல்ல.”

எறும்பு போகவில்லை

ஒரு யூனிட்டில் தொடங்கினோம். ஒரு கிழமை போயும் எறும்பு குறையவில்லை. இரண்டாக்கினோம், அப்போதும் குறையவில்லை. இதற்குமேல் கூட்டுவதென்றால் தன்னிடம் கேட்க வேண்டும், பூனை என்ன தின்கிறது என்றும் பார்க்க வேண்டும் என்று டாக்குத்தர் சொல்லியிருந்தார். அவர் பயிற்சி வகுப்பென்று பேராதனைக்குப் போய்விட்டார். நான் என்ன செய்தேன் தெரியுமா? கெட்டித்தனம் காட்டினேன். மூன்று, நாலு, ஐந்து என்று நானே கூட்டினேன். சாப்பாட்டைப் பற்றிக் கேட்காமலும் இல்லை. உம்மா நெஞ்சில் கைவைத்துச் சொன்னார்:

“அல்லாக்குப் பொதுவாச் சொல்றன், அவிச்ச மீனத் தவிர என்ட கையால ஒண்டும் குடுக்கிறல்ல.”

கதிரைக்குக் கீழே

மாஸ்டர் பரீட்சை வேலையாக ஒரு கிழமைக்குப் பொத்துவிலுக்குப் போனார். மூன்றாம் நாள் முற்பகல், உம்மா வீட்டுக்குப் போகும் ஒழுங்கையில் ஒரு ஆட்டுக்கு ஊசி போட்டுக்கொண்டிருந்தேன். மர்ஜான் வேலியோரம் ஓடிவந்து கூப்பிட்டார். உள்ளே போனால் சுல்தான் குசினித் தரையில் விழுந்து வலிப்பில் இழுத்துக்கொண்டிருந்தது. வாயில் நுரை. உம்மா பக்கத்தில் குந்தியிருந்து அதன் வயிற்றில் கையை வைத்தபடி கலிமாச் சொல்லிக்கொண்டிருந்தார். சீனி கூடி இப்படி வரவில்லை, அடியோடு இறங்கி வந்திருக்கிறது. இறக்கியவன் நான்.

பாணிப் போத்தலைக் கேட்டு வாங்கி, விரலில் தொட்டுத் தொட்டுப் பல்லடி முரசில் தேய்த்தேன். எத்தனை தரம் என்று நினைவில்லை. அந்த நேரத்தில் நானும் துஆக் கேட்டேன், வெட்கமில்லாமல் சொல்கிறேன். கொஞ்ச நேரத்தில் நாக்கு அசைந்தது. பிறகு என் விரலைக் கடித்தது. கடிபட்டு இவ்வளவு சந்தோசப்பட்ட உதவியாள் இலங்கையில் வேறு இருக்க மாட்டான். சுல்தான் தள்ளாடி எழும்பி, எங்களைத் திரும்பியும் பாராமல் மாப்பிள்ளை அறைக்குள் போய், ஆள் உட்காராமல் காலியாகக் கிடந்த கதிரைக்குக் கீழே உட்கார்ந்து, மேலே பார்த்து வாயைத் திறந்தது. மர்ஜான் மெதுவாகச் சொன்னார்:

“உம்மா, அவர் சாப்பிடக்குள்ள அது இரிக்கிற இடம் இதான்.”

மாஸ்டரின் வாக்குமூலம்

பொத்துவிலிலிருந்து வந்ததும் மாஸ்டர் நேராக எங்கள் ஆசுபத்திரிக் கந்தோருக்கு வந்தார், மர்ஜான் எல்லாவற்றையும் சொல்லியிருந்தார் போலும். மாஸ்டர் பிறந்த வீட்டில் ஆறு பிள்ளைகள், ஆளுக்கு ஓர் அகப்பைச் சோறு தின்று வளர்ந்தவராம். இங்கே வருகிற பீங்கானில் கால்வாசிகூட இறங்காதாம். மிச்சம் வைத்தால் மாமி மனம் நோகுமே என்று கதிரைக்குக் கீழே தள்ளிவிடப் பழகியிருக்கிறார். வருத்தம் வந்த பிறகும் விடவில்லை. ஊசிதான் போடுகிறார்களே, ஒன்றும் செய்யாது என்று நினைத்தாராம். தயிரென்றால் அவருக்குச் சின்ன வயதிலிருந்தே ஆகாது. முதல் நாள் சட்டியைப் பூனை நக்கித் துடைத்துக் கொடுத்ததால்தான் பிறகு நாள் தவறாமல் சவளக்கடைத் தயிர் வந்தது. அவர் பொத்துவிலுக்குப் போனதும் கதிரைக்குக் கீழே விருந்து நின்றது, என் ஐந்து யூனிட் மட்டும் நிற்கவில்லை.

அந்த நேரம் பார்த்துத் திரும்பி வந்திருந்த எங்கள் டாக்குத்தர் எல்லாவற்றையும் கேட்டார். கண்ணாடியைக் கழற்றிவிட்டு, மாஸ்டரை அல்ல, என்னைப் பார்த்தார்:

“நீர் பூனைக்கு ஊசி போடேல்ல, ஐசே. அந்த வீட்டு விருந்துக்குப் போட்டிருக்கிறீர்.”

திரைச்சீலைக்கு இந்தப் பக்கம்

உம்மாவிடம் சொல்லும் வேலை என் தலையில் விழுந்தது. மாப்பிள்ளை அறையில் மாஸ்டரோடு இருந்துகொண்டு, திரைச்சீலைக்கு அந்தப் பக்கம் நின்ற உம்மாவுக்குப் பக்குவமாகத்தான் சொன்னேன். மருமகன் தன் கறியை விரும்பித் தின்கிறார் என்று ஒழுங்கை முழுக்கச் சொல்லி வைத்தவர் அல்லவா? ஊசி போட்ட கையாலேயே சுல்தானை ஏறக்குறையச் சாகடித்த வருத்தம் வேறு. கோபம் எங்கே வெடிக்குமோ என்று நானும் மாஸ்டரும் திரைச்சீலையையே பார்த்துக்கொண்டிருந்தோம்.

அன்றிலிருந்து மாஸ்டருக்கு அவர் கேட்டபடி ஓர் அகப்பைச் சோறும் சொதியும். சுல்தானுக்கு அவித்த மீன் மட்டும். ஊசி ஒரு யூனிட்டுக்கு இறங்கி, மூன்றாம் மாதம் அதுவும் தேவையில்லாமல் போனது. எறும்புகளும் வேறு இடம் பார்த்துப் போய்விட்டன. ஆனால் நான் மறக்காதது அன்றைய அந்த நிமிடத்தைத்தான். சபியா உம்மா முக்காட்டைச் சரிசெய்துகொண்டு, திரைச்சீலையை ஒதுக்கி, முதன்முதலாக மருமகனுக்கு நேரே வந்து நின்றார்:

“மருமகன், வேணாமெண்டா இனி என்னட்டச் சொல்லுங்க. பூனைட்டச் சொல்லாதீங்க.”

இத்தனை வருட ஊசித் தொழிலில் நான் கற்றது இவ்வளவுதான்: நோயாளியின் வாயைத் திறந்து பார்ப்பதற்கு முன், அந்த வீட்டில் யார் யார் வாயைத் திறக்காமல் இருக்கிறார்கள் என்று விசாரித்துக்கொள்வது நல்லது.