கும்பிட வந்தவள் கேட்ட மன்னிப்பு

ஜப்பானில், கடலுக்குள் நிற்கும் சிவப்பு வாசலைப் பார்த்தபடி ஒரு சிறிய ஷிண்டோ கோயில். மீன்காரப் பெண் ஒருத்தி, முழங்கால்வரை றப்பர் பூட்ஸோடு, கண்மூடிக் கும்பிடுகிறாள். சிட்னியிலிருந்து என்னோடு வந்திருக்கும் என் கணவர் கமராவை முக்காலியில் பூட்டிவிட்டு, விலகச் சொல்லி அவள் தோளில் தட்டுகிறார். அவள் திடுக்கிட்டுக் குனிந்து, "ஸாரி, ஸாரி" என்றபடி ஒதுங்குகிறாள்.

எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

"அவா கும்பிட வந்தவா. நீங்கள் படமெடுக்க வந்தனீங்கள். ஆர் விலத்தவேணும்?"

"ஒரு நிமிஷம்தானேயப்பா! அவா ஒவ்வொரு நாளும் வாறவா."

"எங்கட முருகன் கோயில்ல உங்களை ஆரும் இப்பிடித் தட்டினால் விடுவீங்களோ?"

முக்காலியைக் கமராவோடு தூக்கிக்கொண்டு படியிறங்குகிறேன். "நாங்கள்தான் ஸாரி," என்று அவளுக்கு ஆங்கிலத்தில் சொல்கிறேன். விளங்கியதோ தெரியாது. அவள் திரும்பவும் கோயிலுக்கு முன்னால் போய், முதலிலிருந்து கும்பிடத் தொடங்குகிறாள்.