தவிட்டுக்கு விற்ற பிள்ளை

பிள்ளைகளைச் சீண்டுவதற்கென்றே நம் ஊர்களில் ஒரு பேச்சு உண்டு: "உன்னைத் தவிட்டுக்குத்தானே வாங்கினோம்." பிள்ளை உதட்டைப் பிதுக்கும், பெரியவர்கள் சிரிப்பார்கள். என் மகனிடம் யாராவது இதைச் சொன்னால் எனக்குச் சுருக்கென்று கோபம் வரும். அவனை நாங்கள் நிஜமாகவே தவிட்டுக்கு விற்றோம். விற்றவள் நான், வாங்கியவள் அடுத்த வீட்டு அக்கா. இதில் ரகசியம் ஒன்றுமில்லை, தெருவுக்கே தெரியும். தெருவுக்குத் தெரிந்துவிட்டால் மனசு ஆறிவிடுமா என்ன?

தூத்துக்குடியில் புதுத் துறைமுகம் வந்த சமயம் அது. என் வீட்டுக்காரருக்கு அங்கே கப்பலில் ஏறி இறங்கும் சரக்கை எண்ணுகிற டாலி கிளார்க் வேலை. நிரந்தரமில்லை. கப்பல் வந்தால் கூலி, வராவிட்டால் வாசலில் உட்கார்ந்து பழைய பேப்பரையே திரும்பத் திரும்பப் படிப்பார். நாங்கள் பனங்காட்டுப் பக்கமிருந்து பிழைக்க வந்தவர்கள். அக்கா வீட்டார் கடற்கரை வேதக்காரர்கள், மாதா கோயிலுக்குப் போகிறவர்கள். அக்காவின் புருஷன் சங்கு குளிப்பவர், முன்பு முத்தும் குளித்தவர். அக்காவுக்கு ஆறு பிள்ளைகள், கடைசி கைக்குழந்தை. ஒன்றைக்கூட மண்ணுக்குக் கொடுக்காத மகராசி. எனக்கு இரண்டு பிறந்து இரண்டுமே தங்கவில்லை.

மூன்றாவது, ஆறு மாதம் முடிந்த கையோடு பிறந்துவிட்டது. "என்னத்தளா செஞ்சு தொலைச்ச?" என்று மாமியார் கேட்டார். நான் ஒன்றும் செய்யவில்லை. முந்தின நாள் குழாயடியில் குடத்துக்காகச் சண்டை போட்டேன், அது நான் தினமும் போடுகிற சண்டைதான். ஆனாலும் அந்தக் குடத்தை அப்படி இழுத்திருக்கக் கூடாதோ என்று இன்றைக்கும் நினைத்துக்கொள்வேன்.

பிள்ளையைப் பார்த்ததும் எனக்குப் பயமாகத்தான் இருந்தது, பாசம் பிறகுதான் வந்தது. உரித்த நுங்கு மாதிரித் தோல், உள்ளே ஓடுகிற நரம்பெல்லாம் தெரிந்தது. அழத் தெரியவில்லை, பூனைக்குட்டி மாதிரி ஒரு முனகல். டாக்டரம்மா தன் வீட்டோடு சேர்த்து நடத்திய சின்ன ஆஸ்பத்திரி அது. அவனைப் பல்பு எரியும் கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்தார்கள். மூக்கு வழியாகக் குழாய் விட்டுச் சொட்டுச் சொட்டாகப் பால் ஊற்றினார்கள்.

"பாளையங்கோட்டை பெரிய ஆஸ்பத்திரின்னா செலவு கிடையாது. ஆனா பிள்ளை வழி தாங்காது" என்றார் டாக்டரம்மா. "இங்கன வச்சா ஆக்சிஜன் சிலிண்டர், ஊசி மருந்து எல்லாம் வெளியில இருந்து வாங்கணும். வாரா வாரம் முன்பணம் கட்டிரணும். பிழைப்பான்னு நான் வாக்குக் கொடுக்க மாட்டேன்."

என் வளையல் போனது, கம்மல் போனது, இவர் சைக்கிள் போனது. சிலிண்டர் மட்டும் காலியாகிக்கொண்டே இருந்தது. எந்த வாரம் பெட்டியை விட்டு எடுக்கச் சொல்வார்களோ என்று நான் அந்தக் கண்ணாடிக்கு முன்னாலேயே கிடந்தேன்.

அப்போதுதான் மாமியார் சொன்னார்: "உன் பிள்ளைன்னு இருந்தா எமன் விட மாட்டான் போலுக்கு. வித்துருளா. பக்கத்து வீட்டுக்காரி ராசியான கை, அவளுக்கே வித்துரு."

அக்கா மறுநாளே அரிசி புடைக்கும் சுளவில் ஒரு படி தவிட்டோடு வந்து நின்றாள். "எங்க சாமியாருக்குத் தெரிஞ்சா கோயில் நடுவுல என்னை முழங்கால் போட வச்சிருவாரு" என்று சிரித்தாள். சிரித்துக்கொண்டே சிலுவையும் போட்டுக்கொண்டாள். பிள்ளையைப் பெட்டியை விட்டு எடுக்க முடியாது. அதனால் கண்ணாடிக்கு முன்னால் நின்றே வியாபாரம் நடந்தது. தவிட்டை என் முந்தானையில் கொட்டினாள். "இது என் பிள்ளை இல்ல, உன் பிள்ளை" என்று நான் மூன்று தரம் சொன்னேன். மூன்றாவது தரம் சொல்லும்போதே அழுதுவிட்டேன்.

"அழாதளா. என் பிள்ளைக்கு நீ எதுக்கு அழுத?" என்றாள் அக்கா.

விற்ற பிறகு பெற்றவள் உரிமை கொண்டாடக் கூடாது. யார் கேட்டாலும் வாங்கியவளைத்தான் தாய் என்று காட்ட வேண்டும். வாய் தவறி "என் பிள்ளை" என்றுவிட்டால் விற்றது செல்லாது, பிள்ளையும் தங்காது. இதுதான் முறை. சும்மா ஒரு சாங்கியம் என்றுதான் எல்லோரும் நினைத்தோம்.

அந்த வாரக் கடைசியில் கம்பவுண்டர் சீட்டோடு வந்தார். வராந்தாவில் நானும் அக்காவும் உட்கார்ந்திருந்தோம். என்னை அவருக்கு நன்றாகத் தெரியும். இருந்தாலும் மாமியார் ஊரெல்லாம் சொல்லி வைத்திருந்தாரே, அந்தக் கிண்டலில் கேட்டார்: "இப்ப பிள்ளைக்குத் தாயாரு யாரும்மா? யாரு பணம் கட்டப் போறீய?"

நான்தான் என்று சொன்னால் முறை முறிந்துவிடும், உள்ளே பிள்ளை போய்விடும். கையை நீட்டி அக்காவைக் காட்டினேன். அக்கா என்னைப் பார்த்தாள். சீட்டை வாங்கிக்கொண்டு எழுந்து போனாள்.

பயத்தில்தான் காட்டினேன் என்று இத்தனை வருஷமாக எனக்கு நானே சொல்லி வருகிறேன். பாதி உண்மை. மீதிப் பாதி, வீட்டில் காலணா இல்லை. பயம் எனக்கு எவ்வளவு வசதியாக வந்து வாய்த்தது பாருங்கள்! அடுத்த வாரமும் கம்பவுண்டர் வந்தார், அடுத்த வாரமும் காட்டினேன். பிறகு காட்ட வேண்டிய வேலையே இருக்கவில்லை, அவர் நேராக அக்காவிடமே போய்விட்டார்.

எனக்குப் பால் வற்றிப்போயிருந்தது. அக்காதான் தன் கைக்குழந்தைக்குக் கொடுத்தது போக மீதியைப் பீய்ச்சி, மூடி போட்ட தம்ளரில் மூத்த மகளிடம் கொடுத்து அனுப்புவாள். கல்யாணத்துக்கு நிற்கிற பெண். கீழவைப்பாரில் ஒரு பையனைப் பேசி முடித்திருந்தார்கள். பையன் கோயில் திருவிழாவுக்கு வந்தபோது இவளும் பார்த்திருக்கிறாள். அவன் பேரை எடுத்தாலே முகத்தைத் திருப்பிக்கொண்டு சிரிப்பாள். அவள் கழுத்தில் எப்போதும் ஒரு கனமான சங்கிலி கிடக்கும். கடைசியாக முத்துக்குளிப்பு நடந்த வருஷம் அவள் அப்பாவுக்குக் கிடைத்த பங்கில் செய்தது. மாப்பிள்ளை வீட்டில் பேசியதும் அந்தச் சங்கிலியைச் சொல்லித்தான்.

ஒருநாள் அவள் தம்ளரை நீட்டியபோது கழுத்து வெறுமையாக இருந்தது. நான் பார்த்தேன். நான் பார்த்ததை அவளும் பார்த்தாள். "பால் ஆறிரும் சித்தி" என்றாள். நான் தம்ளரை வாங்கிக்கொண்டு உள்ளே போனேன். வேறென்ன சொல்வது? வேண்டாம் என்றால் சிலிண்டரை நிறுத்த வேண்டும்.

இதையும் சொல்லிவிடுகிறேன். என் கழுத்தில் அப்போது தாலிக்கொடி இருந்தது, தங்கம். தாலியை மஞ்சள் கயிற்றில் கோத்துக்கொண்டு கொடியை விற்றிருக்கலாம். இல்லாதப்பட்டவர்கள் செய்வதுதானே. மாமியார் கூடாது என்றார். அந்த ஒரு விஷயத்தில் மட்டும் நான் மாமியார் சொல்லைத் தட்டாத மருமகளாகிவிட்டேன்.

என் பையன் பிழைத்தான். அவனைப் பெட்டியை விட்டு எடுத்து என் கையில் கொடுத்தபோது டாக்டரம்மாவே கண்ணைத் துடைத்துக்கொண்டார். பேருக்கு அவன் அக்கா பிள்ளை, பால் குடித்ததும் அவளிடம், படுத்தது என் வீட்டில். அதே மாதத்தில் கீழவைப்பார்க்காரர்கள் வந்து சங்கிலியைக் கேட்டார்கள். கொஞ்சம் பொறுங்கள் என்றார்கள் அக்கா வீட்டில். கொஞ்ச நாள் பொறுத்தார்கள், அப்புறம் வேறு இடத்தில் முடித்துக்கொண்டார்கள். சுவருக்கு அந்தப் பக்கம் அந்தப் பெண் அழுதது எனக்குக் கேட்டது. நான் என் பிள்ளையைக் குளிப்பாட்டிக்கொண்டிருந்தேன்.

ஒரு வயதானதும் முறைப்படி திரும்ப வாங்கினேன். சரியாக ஒரு படி தவிடு, மேலே ஒரு சேலை. அவசரப்பட்டது நான்தான். அவன் அக்காவைப் பார்த்தால் தாவுகிறான், என்னைப் பார்த்தால் தாவுவதில்லை என்று எனக்குப் பொறாமை. சங்கிலிக்குக் கப்பல் வர வரக் கொடுத்துவிடுகிறோம் என்று என் வீட்டுக்காரர் தயங்கித் தயங்கிச் சொன்னார்.

அக்கா அவரை ஏற இறங்கப் பார்த்தாள். "எம் பிள்ளையா இருந்தப்ப எம் பிள்ளைக்கு நான் செஞ்சேன். அதை நீங்க எதுக்குத் தாரீய?" என்றாள்.

அப்பாடா என்று இருந்தது எனக்கு. ஆமாம், அப்படித்தான் இருந்தது. அவள் பெருந்தன்மையாகச் சொன்ன வார்த்தையைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டோம். அதன் பிறகு இவரும் அந்தப் பேச்சை எடுக்கவில்லை, நானும் எடுக்கவில்லை.

பையன் ஓடி விளையாடுகிற வயதில் அந்தப் பெண்ணுக்குக் கல்யாணம் வந்தது. திருச்செந்தூர்ப் பக்கம், மனைவியை இழந்தவர், இரண்டு சின்னப் பிள்ளைகள். நகை கேட்கவில்லை. நல்ல மனிதர் என்றுதான் எல்லோரும் சொன்னார்கள். எனக்கு அந்த வாரம் முழுக்கச் சோறு இறங்கவில்லை. கல்யாணத்தன்று காலையில் யாரிடமும் கேட்காமல் தாலியை மஞ்சள் கயிற்றுக்கு மாற்றினேன். கொடியைக் கைக்குட்டையில் முடிந்து இடுப்பில் செருகிக்கொண்டு போனேன்.

கோயிலில் கல்யாணப் பூசைக்குக் கிளம்புமுன் அவளை அறையில் தனியாகப் பிடித்தேன். கழுத்தில் யாரிடமோ இரவல் வாங்கிய மெல்லிய சங்கிலி. கைக்குட்டையைப் பிரித்து அவள் உள்ளங்கையில் வைத்தேன். "உன்னோடதுதான் தாயி. போட்டுக்கோ" என்றேன்.

அவள் அதைப் பார்த்தாள். கோபமே இல்லை அந்த முகத்தில். "இனிமே எதுக்கு சித்தி?" என்றாள். "அவருக்குத்தான் முடிஞ்சிட்டுல்லா."

இந்த மாப்பிள்ளையைச் சொல்லவில்லை. கீழவைப்பார்ப் பையனைச் சொன்னாள்.

கொடியை என் கையிலேயே திரும்ப வைத்து விரல்களை மடக்கிவிட்டாள். வெளியே அவளைக் கூப்பிட்டார்கள், போய்விட்டாள். நான் பின்னாலேயே ஓடியிருக்கலாம். அக்காவிடம் கொடுத்திருக்கலாம், கட்டாயப்படுத்தி அவள் பெட்டிக்குள்ளாவது போட்டிருக்கலாம். கைக்குட்டையை மடித்துத் திரும்ப இடுப்பிலேயே செருகிக்கொண்டேன். பந்தியில் உட்கார்ந்து சாப்பிட்டேன். மறுநாள் குளித்ததும் தாலியை எடுத்துப் பழையபடி கொடியிலேயே கோத்துக்கொண்டேன்.