போனில் நூறு சாவு, மேசையில் ஒரு சாவு

கற்பிட்டியில் கடற்காற்றை நம்பிப் பிழைக்கிறவர்களில் நானும் ஒருவன். கைட் சர்ஃபிங் செய்ய வருகிற வெள்ளைக்காரர்களுக்கு அறைச் சாவி கொடுப்பதும், அவர்கள் போன பிறகு கட்டிலுக்கடியில் விட்டுப் போனதை எடுத்து வைப்பதும் என் வேலை. காற்று இல்லாத மாதங்களில் விடுதியில் ஈ கூட இருக்காது. அந்த மாதங்களில்தான் நான் ஒரு நாளைக்கு இருபது தடவை செத்துக்கொண்டிருந்தேன்.

போனில், ஆளை ஆள் சுடுகிற ஒரு விளையாட்டில்தான். நாங்கள் மூன்று பேர் ஒரு குழு. நான் ஒன்று. விடுதிச் சமையல்காரர் இன்னொன்று. சிலாபம் பக்கத்துக் கத்தோலிக்கர், ஒரு வசனத்தைத் தமிழில் தொடங்கிச் சிங்களத்தில் முடிப்பவர். மூன்றாவது ஆள் என் மச்சான், அதாவது என் தாத்தாவின் புருஷன். வெளியூர்க்காரர்கள் பயப்பட வேண்டாம், எங்கள் முஸ்லிம் வீடுகளில் தாத்தா என்றால் அக்கா.

மச்சான் கருவாட்டுக்கடை வைத்திருப்பவர். கருவாட்டை மோந்து பார்த்து யாராவது மூஞ்சியைச் சுளித்தாலும் "பரவாயில்ல, வேற பாருங்க" என்பார். ஐந்து வேளை தொழுவார். கடைக்குள் நுழைகிற பூனையைக்கூட மரியாதையாகத்தான் வெளியே அனுப்புவார். அப்படிப்பட்ட மனிதர் காதில் இயர்போனை மாட்டினால் போதும், ஷைத்தான் இறங்கிவிடுவான்.

ஒரு நாள் அஸர் தொழுகைக்குப் பிறகு, எனக்குப் பெண் கொடுக்கிற யோசனையில் புத்தளத்திலிருந்து ஒரு குடும்பம் மாப்பிள்ளை பார்க்க வந்தது. பெண்ணின் வாப்பா வெள்ளைத் தாடி வைத்த, நிதானமான மனிதர். வீட்டுத் தலைவர் என்ற முறையில் மச்சான்தான் அவரை வரவேற்றிருக்க வேண்டும். ஆனால் அந்த விளையாட்டை நடுவில் நிறுத்த முடியாது. "அஞ்சு நிமிசம், முடிச்சிட்டு வாறன்" என்று அறைக்குள் போனவர் போனவர்தான். தாத்தா வட்டிலாப்பத்தைக் கொண்டுவந்து வைத்தார். பெண்ணின் வாப்பா கரண்டியைக் கையில் எடுத்தார்.

அறைக்குள்ளிருந்து மச்சானின் குரல் வந்தது. "அந்தக் கெழவன விடாதீங்க! தலையில போடு, தலையில! இன்னும் சாகலயா? அவன்ட பையத் தொறந்து எல்லாத்தயும் எடு!"

கரண்டி தட்டுக்குத் திரும்பியது.

"அது போன்ல வெளயாடுற கேம்" என்றார் தாத்தா.

பெண்ணின் வாப்பா என்னைப் பார்த்தார். "மகனும் இது வெளயாடுறதா?"

இல்லை என்று சொல்ல நான் வாயைத் திறப்பதற்குள் அறை முந்திக்கொண்டது. "என்ட மச்சான் மட்டும் இப்ப இரிந்தா இவ்வளவு நேரத்துக்கு எல்லாரயும் அறுத்துப் போட்டிரிப்பான்!"

சம்பந்தம் அத்தோடு போனது. தாத்தா எங்களை ஏசவில்லை. ரவுட்டரின் பாஸ்வேர்டை மாற்றினார், அவ்வளவுதான். டேட்டா போட்டுப் பார்த்தோம். எங்கள் வீட்டுப் பக்கம் சிக்னல் ஒரு கோடுதான் விழும். எதிரி நம்மைச் சுட்டு, புதைத்து, ஊருக்கும் போன பிறகே நமக்குச் செய்தி வரும்.

அப்போதுதான், ஒரு ஜேர்மன் சோடி அறையில் விட்டுப்போன பெட்டி ஞாபகத்துக்கு வந்தது. உள்ளே வரைபடங்கள், பூதங்களின் படங்கள், இருபது முகமுள்ள ஒரு பகடைக்காய், தடித்த ஒரு புத்தகம். ஆளுக்கொரு பாத்திரம் எடுத்துக்கொண்டு, ஒருவர் கதை சொல்ல, மற்றவர்கள் அதற்குள் நடந்து போகிற விளையாட்டு என்று அந்தச் சோடி விளையாடும்போது பார்த்திருந்தேன். புத்தகம் முழுக்க ஜேர்மன் மொழி. அதனால் சட்டத்தைப் பற்றி எங்களுக்குள் சண்டையே வரவில்லை.

கதை சொல்ல தாத்தாவைக் கேட்டோம். தாத்தா வீட்டில் தையல் தைப்பவர். அளவு கொடுக்க வருகிற பெண்கள் ஊர்க்கதை முழுவதையும் அவரிடம் இறக்கி வைத்துவிட்டுத்தான் போவார்கள். சரக்குக்குப் பஞ்சமில்லை.

முதல் தடை மச்சானிடமிருந்து வந்தது. "காய் உருட்டக் கூடாது. ஹராம்."

"மனிசன சுடலாம், காய் உருட்டக் கூடாதோ?" என்றார் தாத்தா. ஆனாலும் இருபது சோடா மூடிகளில் இலக்கம் எழுதி ஒரு மாஜரின் டின்னில் போட்டுக் குலுக்கினார். மூடியைப் பற்றி மார்க்கத்தில் ஒன்றும் சொல்லப்படவில்லை என்று மச்சான் ஒத்துக்கொண்டார்.

வெள்ளிக்கிழமைகளில் ஜும்மா முடிந்து, ஆளில்லாத விடுதியின் சாப்பாட்டு மேசையைச் சுற்றி உட்காருவோம். தாத்தாவின் கதையில் கோட்டையும் இல்லை, அரசனும் இல்லை. "உச்சமுனைக்கு அங்கால, யாரும் போகாத ஒரு தீவு. படகு மணல்ல தட்டுது. கரையில ஒரு பூதம் உக்காந்து வல பொத்திக்கிட்டு இரிக்கி. என்ன செய்யிறீங்க?"

போனில் எங்களை யாரும் அப்படிக் கேட்டதில்லை. "சுடுறன்" என்றேன்.

"துவக்கு இல்ல."

ஊரையே சுட்டுத் தள்ளிய மச்சான் மெதுவாகக் கேட்டார். "அது தனியாவா இரிக்கி?"

"ஓம்."

"சாப்பிட்டிச்சாமா?"

"நீங்களே கேட்டுப் பாருங்க."

ஒரு மணித்தியாலம் மச்சான் பூதத்தோடு கதைத்தார். கிழிந்த வலையைப் பொத்த உதவினார். கடைசியில் பூதத்தையும் படகில் ஏற்றிக்கொண்டார். அன்று ஒரு உயிர்கூடப் போகவில்லை. எனக்கு வெறுத்துவிட்டது.

சமையல்காரரின் பாத்திரம் ஒரு மந்திரவாதி. அவர் ஒரு கொப்பியில் மூன்று பக்கத்துக்கு அந்த மனிதனைப் பற்றி எழுதி வைத்திருந்தார். மனைவி, ஒரு பலாமரம், முழங்கால் வருத்தம் எல்லாம் இருந்தது. ஐந்தாவது வெள்ளிக்கிழமை களப்பு நீரோட்டத்தைக் கடக்கையில் அவர் கைக்கு, இருபதிலும் மோசமான ஒன்றாம் இலக்க மூடி வந்தது.

"மௌத்தாப் போயிட்டாரு" என்றார் தாத்தா.

சமையல்காரர் காத்திருந்தார். "ஹரி, சரி. எப்ப திரும்பி வாறது?"

"எங்க வாற? செத்தா செத்ததுதான்."

"அனே அக்கா, போன்ல பத்து செக்கன்ல வாறதுதானே!"

என்னோடு போனில் நூறு தடவையாவது சிரித்துக்கொண்டே செத்தவர் அன்று எழுந்து குசினிக்குப் போய்விட்டார். மூன்று நாள் பருப்பில் உப்பில்லை. பிறகு குடும்பத்தோடு தலவில தேவாலயத் திருநாளுக்குப் போய் வந்தவர் என்னிடம் சொன்னார்: "அந்த மனிசனுக்கும் ஒரு மெழுகுதிரி பத்த வச்சன்."

நான் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை. தாத்தாவிடம் சொன்னேன், அவரும் சிரிக்கவில்லை.

அடுத்த வெள்ளிக்கிழமை தாத்தா சமையல்காரருக்குப் புதுப் பாத்திரம் ஒன்று கொடுத்தார். செத்தவரின் மனைவி. புருஷனைத் தேடி அந்தத் தீவுக்கு வந்திருக்கிறாள். சமையல்காரர், பெரிய மீசைக்காரர், கதிரையை முன்னுக்கு இழுத்துப் போட்டுக்கொண்டு என்னைப் பார்த்துக் கேட்டார்: "என்ட மனிசன் தண்ணில போகக்குள்ள நீங்க எங்க இருந்தது?"

நான் அக்கரையில் ஒரு புதையல் பெட்டியைத் திறந்துகொண்டிருந்தேன். போனில் எத்தனை பேரை அப்படி விட்டுவிட்டு ஓடியிருப்பேன்! ஒருவனுடைய பெண்சாதியும் வந்து கேட்டதில்லை. ஒரு சோடா மூடி விவகாரத்துக்கு என் காது சூடாகிப்போனது. "பெட்டிக்கிட்ட நின்டன்" என்றேன் கடைசியில். அவர் சிங்களத்தில் என்னை ஏசினார். நியாயமான ஏச்சுத்தான்.

காற்றுக் காலம் தொடங்கி வந்த ஒரு ஜேர்மன்காரர் எங்கள் மூடிகளைப் பார்த்துவிட்டு, புத்தகத்தைப் புரட்டி, நாங்கள் விளையாடுவது முழுப் பிழை என்றார். சாகிற ஆளுக்குத் தப்பிக்க இன்னும் சில வாய்ப்புகள் உண்டாம். சமையல்காரர் துள்ளி எழுந்தார்.

"அது ஜேர்மன்காரன்ட சட்டம்" என்றார் தாத்தா. "உச்சமுனைக்கு அங்கால அது செல்லாது."

கொஞ்ச நாளில் பாஸ்வேர்டைத் திருப்பிக் கொடுத்தார், தன்னையும் குழுவில் சேர்க்க வேண்டும் என்ற நிபந்தனையோடு. அந்தப் போன் விளையாட்டில் பக்கத்தில் நிற்கிற எதிரிக்கும் நம் குரல் கேட்கும். தாத்தா ஒரு வீட்டுக்குள் நுழைந்தார். எதிரே ஒருவன் துவக்கோடு நின்றான்.

"யாரு மகன் நீங்க? எந்த ஊரு?" என்றார் தாத்தா.

அவன் சுடவில்லை. தமிழ்க் குரல் தயங்கித் தயங்கி வந்தது. "மன்னார் பக்கம், தாத்தா."

"சாப்பிட்டீங்களா?"

"இன்னும் இல்..."

மச்சான் அவனைப் பின்னாலிருந்து சுட்டுவிட்டு, "தப்பிச்சீங்க!" என்று கத்தினார்.

தாத்தா போனைத் தையல் மெஷின்மேல் வைத்தார். "கதைச்சிக்கிட்டு இரிந்த புள்ளய சுட்டீங்களா?"

"அவன் உங்கள சுடுவான்தானே..."

"அவன் பேர்கூட கேக்கல்ல நான்."

மறுநாள் பகல் மச்சான் கடையிலிருந்து வீட்டுக்குச் சாப்பிட வரவில்லை. பாணும் சம்பலும் வாங்கிச் சாப்பிட்டதாகக் கேள்வி.