வேலியோரத்து மண்

எழுபதுகளின் தொடக்கத்தில், அடையாறு கடலில் கலக்கும் இடத்துக்கு அருகே ஒரு மீனவர் குப்பத்தில் இருந்தோம். நைனா கடலுக்குப் போவார். அம்மா மீன்கூடையோடு மயிலாப்பூர் போவாள். அவள் திரும்பும்வரை மூன்று வயதுத் தங்கச்சியைப் பார்த்துக்கொள்வது ஒன்பது வயதான என் வேலை.

வலை தண்ணீரில் அமிழ, அடியில் ஈயக்குண்டுகள் கட்டவேண்டும். நைனா பழைய கார் பேட்டரிகளை வாங்கிவந்து உடைத்து, உள்ளிருக்கும் ஈயத் தகடுகளை வாசலிலேயே இரும்புச்சட்டியில் உருக்குவார். மேலே மிதக்கும் கசடை வழித்து வேலியோரம் கொட்டுவார்.

தங்கச்சி மண் தின்பாள். அம்மா அடித்துப் பார்த்தாள், விரல்களில் வேப்பெண்ணெய் தடவினாள், பூச்சிமருந்து கொடுத்தாள். பழக்கம் விடவில்லை. அதிலும் வேலியோரத்து மண்ணைத்தான் தேடிப் போவாள். நானும் ஒருநாள் நாக்கில் வைத்துப் பார்த்தேன். லேசாக இனித்தது. தின்னும்போது அவள் அழமாட்டாள், நான் பாட்டுக்கு விளையாடலாம். அதனால் பல நாள் பார்த்தும் பார்க்காததுபோல் இருந்துவிட்டேன்.

மழைக்காலத்தில் அவள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சுருண்டாள். முகம் வெளுத்தது. ஒரு காலையில் கண் செருகி, கைகால் வெட்டி இழுத்தது. அம்மா அவளைத் தோளில் போட்டுக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடினாள். நானும் பின்னாலேயே ஓடினேன்.

டாக்டர் உதட்டை விலக்கி ஈறைப் பார்த்தார். ஓரத்தில் நீலக்கறுப்பாக ஒரு கோடு.

"வீட்டுல ஈயம் உருக்குறீங்களா?"

"ஆமா சார், வலைக்கு."

"குழந்தை மண்ணு திங்குமா?"

அம்மா என் பக்கம் திரும்பினாள். "நான் இல்லாதப்போ துன்னுச்சாடி?"

இல்லை என்று தலையாட்டினேன்.

ரத்தம் எடுத்துப் பார்த்து, ஈயம் ஏறியிருக்கிறது என்றார்கள். ஊசிகள் போட்டார்கள். வலிப்பு நின்றது. ஆனால் அக்கா, மீனு, தண்ணி என்று அவள் பேசிய நாலைந்து வார்த்தைகளும் போய்விட்டன. "மூளையைத் தாக்கிடுச்சும்மா. இனி பெருசா எதுவும் எதிர்பாக்காதீங்க" என்றார் டாக்டர்.

நைனா வாசலையும் வேலியோரத்தையும் முழங்கால் ஆழத்துக்கு வெட்டியெடுத்து, மண்ணைக் கூடைகூடையாகக் கொண்டுபோய்க் கொட்டினார். அதன்பிறகு வீட்டில் ஈயம் உருக்கவில்லை. பக்கத்து வீட்டாரிடமும் சொல்லிப் பார்த்தார்.

"எங்க தாத்தா காலத்துலேர்ந்து உருக்கிக்கினுதான் கீறோம்பா. எங்களுக்கு இன்னா ஆச்சு?" என்று சிரித்தார்கள். அவர்கள் அடுப்புப் புகை எங்கள் வீட்டுக்குள் வந்துகொண்டுதான் இருந்தது.

நான் பள்ளிக்கூடத்தை விட்டேன். கண்ணை எடுத்தால் அவள் பக்கத்து வீட்டு வாசலில் உட்கார்ந்து வாயில் மண்ணை அள்ளிப் போட்டுக்கொண்டிருப்பாள். பழைய சேலையால் இடுப்பில் கட்டி, தூணில் பிணைத்துவைத்தேன். கட்டு போகும் தூரம்வரை போய், அங்கேயே நிற்பாள். நைனா அவளைத் தூக்குவதை விட்டுவிட்டார். அவள் கிட்டே வந்தால், கையை லுங்கியில் துடைத்துக்கொண்டு எழுந்து போய்விடுவார்.

பத்து வயதுவரை இருந்தாள். மறுபடி வலிப்பு வந்த அன்று நைனா கடலில் இருந்தார். அம்மாவும் நானும் மாறிமாறித் தூக்கிக்கொண்டு ஓடினோம். பஸ் ஸ்டாப்பை எட்டுவதற்குள் உடம்பு கனத்துவிட்டது.