கையெழுத்துப் போட்டவள்

மெத்தைத் தொழிற்சாலையில் ஓரம் தைப்பது அவள் வேலை. பதினெட்டு வருஷம் தைத்ததில் வலது ஆட்காட்டி விரலின் நுனி மரத்தே போய்விட்டது. தெருவில் எல்லோருக்கும் அவள் மெத்தைக்காரிதான். “ஊருக்கெல்லாம் மெத்தை தைக்கிறியே, நீ என்னைக்காவது நிம்மதியாத் தூங்கியிருக்கியாடி?” என்று கூட வேலை செய்பவர்கள் சீண்டுவார்கள். சிரித்து மழுப்புவாள். காரணம் அவர்களுக்கும் தெரியும். கன்னத்துத் தடத்தை எத்தனை நாள்தான் முடியை இழுத்துவிட்டு மறைக்க முடியும்?

காரணம் அவள் கணவன். வீடு மாற்றிக் கொடுக்கும் கம்பெனியில் சுமை தூக்குகிறவன். ஃப்ரிட்ஜை ஒற்றை ஆளாக முதுகில் ஏற்றிக்கொண்டு நாலு மாடி ஏறுவான். கூட்டாளிகள் ‘கிரேன்’ என்று பேர் வைத்திருந்தார்கள். வெளியே கேட்டால் தங்கமான மனுஷன். வீட்டுக்குள் வந்தால் அந்தத் தங்கத்தின் கை எந்த நேரத்தில் ஓங்கும் என்று சொல்ல முடியாது.

ஒருநாள் மரப்பெட்டியைப் பிரிக்கும்போது துருப்பிடித்த ஆணி அவன் செருப்பைத் துளைத்துக் குதிகாலில் ஏறியது. பிடுங்கி எறிந்துவிட்டு வேலையை முடித்தான். மறுநாள் குதிகால் பன் மாதிரி உப்பியிருந்தது.

“ஏங்க, போய் ஒரு ஊசி போட்டுட்டு வந்துடலாமே?”

“நீ என்ன டாக்டரா?” கையிலிருந்த டம்ளர் அவள் காதோரம் பறந்து சுவரில் மோதியது. அதன் பிறகு அவள் வாயைத் திறக்கவில்லை.

மூன்றாம் நாள் காலையில் பல் கிட்டும் அளவுக்குக் குளிர் கண்டது. மத்தியானத்துக்குள் உளற ஆரம்பித்தான். மூச்சு இரைத்தது. கைகால் சில்லிட்டு நகக்கண் நீலம் பாரித்தது. காலையிலிருந்து சிறுநீர் ஒரு சொட்டு இறங்கவில்லை. மகளும் அவளும் அந்தப் பெரிய உடம்பைக் கம்பளியோடு இழுத்து டாக்ஸியில் போட்டார்கள். மகளுக்குப் பதினெட்டு முடியப் போகிறது. வழி முழுக்க அவள் ஜன்னலுக்கு வெளியேதான் பார்த்துக்கொண்டு வந்தாள்.

தீவிர சிகிச்சைப் பிரிவின் டாக்டர் கண்ணுக்குக் கீழே கறுத்துப்போன சின்னப் பெண். சுற்றி வளைக்காமல் சொன்னாள்.

“கால்ல வந்த கிருமி ரத்தத்துல பரவிடுச்சும்மா. அதோட உடம்பு போடுற சண்டையில இதயமே சோர்ந்து போச்சு.”

“மாரடைப்பா?”

“இல்லை, அடைப்பு எதுவும் இருக்கிற மாதிரி தெரியல. தசைக்குத்தான் தெம்பு இல்லை. ஒவ்வொரு துடிப்புக்கும் உள்ளே இருக்கிற ரத்தத்துல பாதிக்கு மேல வெளியே தள்ளணும். இவருக்கு நூத்துல இருபது பங்குதான் போகுது.”

“இனிமே அவ்வளவுதானா?”

“அப்படிச் சொல்ல முடியாது. பிழைச்சு வந்துட்டா பத்து நாள்ல பழையபடி ஆகிடவும் வாய்ப்பு இருக்கு. அதுவரைக்கும் தாங்கணும். ரத்த அழுத்தத்தைத் தூக்கிப் பிடிக்கிற மருந்தை நிறையக் கொடுக்க வேண்டியிருக்கு. ரத்தம் போகாம கால் விரல் கருகிப் போகலாம், எடுக்க வேண்டியும் வரலாம். சம்மதம்னா இதுல கையெழுத்துப் போடுங்க.”

பேனாவையும் தாளையும் வாங்கிக்கொண்டு வெளியே பெஞ்சுக்கு வந்தாள். மகள் தாளை வாங்கி ஒருமுறை படித்தாள். பிறகு தாழ்ந்த குரலில் சொன்னாள்:

“போடாதம்மா.”

“என்னடி பேசுற? பெத்த அப்பாடி!”

“தெரியும். அதனாலதான் சொல்றேன்.”

மகளை அறைய எழுந்த கை பாதியில் நின்றது. அந்தக் கை யாருடையது போல ஓங்கியது என்று அவளுக்கே தெரிந்தது. தாளைப் பிடுங்கிக் கையெழுத்துப் போட்டாள். பாசத்தில் போட்டாளா, பயத்தில் போட்டாளா, நாளைக்கு நாலு பேர் கேட்பார்களே என்று போட்டாளா, இன்றைக்குக் கேட்டாலும் அவளுக்குச் சொல்லத் தெரியாது.

அவன் தொண்டையில் குழாய் போட்டார்கள். அவள் காத்திருக்கும் அறையின் இரும்பு நாற்காலியில் உட்கார்ந்தபடியே ஒன்பது மணி நேரம் அடித்துப் போட்டது போலத் தூங்கினாள். கண் விழித்ததும் முதலில் பசித்தது. நான்கு பன்களை ஒன்றன்பின் ஒன்றாகத் தின்றாள். அப்போது வந்து சேர்ந்த நாத்தனார் அதைப் பார்த்துவிட்டாள்.

“என் தம்பி உள்ளே உயிருக்கு இழுத்துக்கிட்டுக் கிடக்கான், உனக்கு வாய் ருசி கேக்குதா? மூணு நாளா வேடிக்கைதானே பார்த்தே?”

அவள் வாயில் மிச்சமிருந்த பன்னை மென்று விழுங்கினாள்.

ஐந்தாம் நாள் ரத்த அழுத்தம் நிலைக்கு வந்தது. எட்டாம் நாள் குழாயை எடுத்தார்கள். ஆனால் இரண்டு கால்களின் விரல்களும் கரிக்கட்டையாகியிருந்தன. காத்திருந்து பார்த்து, ஐந்தாவது வாரம் பத்தையும் எடுத்தார்கள்.

மயக்கம் தெளிந்ததும் அவன் கேட்ட முதல் கேள்வி: “அந்த மருந்துக்கு எவன்டா கையெழுத்துப் போட்டது?”

வீட்டுக்கு வந்த பிறகும் அதே பாட்டுதான். “என் காலை வித்துட்டா.” கம்பெனி அவன் இடத்தில் வேறு ஆளைப் போட்டுவிட்டது. கூட்டாளிகள் இரண்டு முறை வந்தார்கள், பிறகு வரவில்லை. மகள் வேறு ஊரில் வேலை தேடிக்கொண்டு போனாள். போகும்போது அம்மாவிடம் சொன்னது ஒரு வரி: “நீதானே போட்டே, நீயே பாத்துக்கோ.”

மறு பரிசோதனையில் டாக்டர் திரையைத் திருப்பிக் காட்டினாள். அவள் முகம் பூரித்திருந்தது.

“பாருங்கம்மா, நூத்துல அறுபது. இதயத்துல ஒரு குறையும் இல்லை. எல்லாருக்கும் இப்படி வராது.”

திரையில் அது திறந்து மூடிக்கொண்டிருந்தது. எருமைத் தெம்போடு உதைத்துக்கொண்டிருந்த அதையே மெத்தைக்காரி பார்த்துக்கொண்டு நின்றாள். சிரிக்க வேண்டும் என்று தோன்றியது. சிரித்தாள்.

அன்று சாயங்காலம் சாப்பாட்டில் உப்பு குறைவு என்று ஊன்றுகோலை வீசினான். அது அவள் முழங்காலில் பட்டுத் தெறித்தது. அவள் குனிந்து அதை எடுத்தாள். ஒரு கணம் ஓங்கியே பிடித்திருந்தாள். அவன் முதன்முறையாகப் பின்னால் நகர்ந்ததைக் கண்டாள். கோலைத் தாழ்த்திக்கொண்டு போய் அடுக்களை மூலையில் சாத்தினாள்.

“கோலை இங்கே வைடி!”

“அங்கேயே இருக்கட்டும்.”

மறுநாளிலிருந்து மாத்திரை, தண்ணீர், சோறு, சிறுநீர்க் கலம் எல்லாவற்றையும் அவன் கைக்கு எட்டும்படி வைத்துவிட்டு வேலைக்குப் போனாள். கோலை மட்டும் மூலையை விட்டு எடுக்கவில்லை. தெருமுனை வரைக்கும் அவன் கத்துவது கேட்கும். நெஞ்சில் நல்ல தெம்பு, கத்தட்டும் என்று நடந்தாள்.